முதல் முட்டைக்கு ஆறு மாதம்

கடையில் ஏழு ரூபாய் கொடுத்தால் ஒரு முட்டை கிடைக்கிறது. அந்த ஒரு முட்டைக்காக ஒரு கோழியை ஆறு மாதம் வளர்த்து, பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருந்து, கம்பும் நொய்யும் போட்டுக் காத்திருப்பது என்ன கணக்கு என்று சென்னையில் இருக்கும் என் மகன் போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கோழி வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். பொறுத்துக்கொள்ளவும்.

சோழபுரம் என் மனைவியின் ஊர். நான் பிறந்ததும் படித்ததும் புதுச்சேரி. அங்கே கோழியைக் கறிக்கடையிலும் பிரெஞ்சுப் பாடப் புத்தகத்திலும்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வித்தையில் எனக்கு வாத்தியார் என் மனைவிதான். குறிப்பேட்டில் தேதி எழுதி வைப்பது மட்டும் என் வேலை. உத்தியோகத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், ஓய்வு பெற்றும் போகவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் ஓர் அடைக்கோழியை விலைக்கு வாங்கினோம். சிறுவிடைக் கோழி. நம் பக்கத்தில் நாட்டுக்கோழியைச் சிறுவிடை, பெருவிடை என்று இரண்டாகச் சொல்வார்கள். பெருவிடை உயரமும் எடையும் உள்ளது, சண்டைச் சேவல் வம்சம். முட்டைக்கும் அடைக்கும் குஞ்சு காப்பதற்கும் சிறுவிடைதான் தோது. நம் ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. இந்தச் சிறுவிடைக்கு அப்படி எந்த மரியாதையும் வரவில்லை. ஆனால் நாய் இல்லாத வீட்டிலும் ஒரு காலத்தில் அது இருந்தது.

கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, 11 முட்டை வைத்தாள். அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டுமாம். கூடையின் ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டும் இரண்டு காய்ந்த மிளகாயும் ஓர் அடுப்புக்கரியும் போட்டாள். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க என்றாள். தை மாதத்தில் ஏது இடி என்று நான் கேட்கவில்லை. ஏழாம் நாள் இரவு இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு பிடித்த முட்டைக்குள் சிவப்பு நரம்பு சிலந்தி கால் விரித்த மாதிரி தெரிகிறது. பிடிக்காதது வெறும் மஞ்சளாக ஒளி விடுகிறது. ஒன்று கூமுட்டை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இருபத்தொன்றாம் நாள், பிப்ரவரி 10, ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்தன. ஒன்று ஓட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

முதல் வாரம் நொறுக்கிய நொய்யும் கரையானும். கரையான் பிடிக்க என் மனைவி செய்த ஏற்பாட்டை ஊரில் பலர் மறந்திருப்பார்கள். பழைய மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், கொஞ்சம் ஓலைத்துண்டு திணித்துத் தண்ணீர் தெளித்து, வேலி ஓரம் தரையில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை தூக்கினால் உள்ளே கரையான் மொய்க்கிறது. தட்டிவிட்டதும் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பொறுக்கின. காசு செலவில்லாத சத்துணவு.

ஏழாம் நாள் குஞ்சுகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வந்தோம். லசோட்டா என்று அதற்குப் பெயர். வருடாவருடம் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் இரண்டு வாரம் நடக்கிறது. பிறகு எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. என் குறிப்பேட்டில் இந்த இரண்டு தேதியின் கீழும் கோடு போட்டிருக்கிறேன். காரணம் பின்னால் வரும்.

ஒன்பதில் ஒன்றைப் பருந்து தூக்கியது. ஒன்றைக் கீரி. மிச்சம் ஏழு. இரண்டரை மாதத்தில் கொண்டை பார்த்து இனம் பிரித்தோம். மூன்று சேவல், நான்கு பெட்டை. சேவலில் ஒன்றைக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டாள் மனைவி. அதன் காலில் மஞ்சள் துணி கட்டியதும் அதற்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது போல எனக்குத் தோன்றியது.

சித்திரை கடைசியில் தெருவில் வெள்ளைக்கழிச்சல் வந்தது. இந்த நோயின் அரசாங்கப் பெயர் ராணிக்கேத். இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலும் ஜாவாவிலும் கண்டறியப்பட்டு, கொஞ்ச காலத்தில் ராணிக்கேத்தில் தென்பட்டதால் நம் நாட்டில் அந்தப் பெயர் நிலைத்தது. உலகத்துக்கு அது நியூகாசில் நோய். பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான். கோழி இரை எடுக்காமல் ஓரமாக ஒதுங்கும். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். சாயங்காலம் பஞ்சாரத்தில் அடைத்த கோழி காலையில் விறைத்துக் கிடக்கும். வந்த பிறகு மருந்து கிடையாது. முன்னாலேயே போட்ட ஊசி ஒன்றுதான் காப்பு.

பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பதினான்கு கோழி இருந்தது. கணவர் இல்லை. தளவாய்புரத்துக்குத் தையல் வேலைக்குப் போய்வருகிறவர். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். தடுப்பூசி போடுகிற நேரத்தில் அவர் தையல் மெஷின் முன்னால் இருப்பார். ஒரே வாரத்தில் பதினான்கும் போயின. குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். எங்கள் ஏழையும் தாய்க்கோழியையும் பின்கட்டிலேயே அடைத்து வைத்து, அந்தப் பக்கம் போன செருப்பை வாசலிலேயே விட்டு, பதினைந்து நாள் பயந்துகொண்டு இருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஊசியின் புண்ணியம்.

அந்த அம்மா அழவில்லை. புதைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, "மூணு மாசத்துக் கேஸ் சிலிண்டர் போச்சு அண்ணாச்சி" என்றார். முட்டையும் கோழியும் விற்ற காசில்தான் அவர் வீட்டுச் சிலிண்டர் வந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மனைவிக்கு முன்னாலேயே தெரியும்.

முட்டைக்காசு என்பது இந்தப் பக்கத்துப் பெண்களின் தனிக் கஜானா. ஆடு மாடு விற்ற பணம் ஆண் கைக்குப் போகும். பருத்தி விற்ற பணம் கடனுக்குப் போகும். முட்டை விற்ற சில்லறை மட்டும் அஞ்சறைப் பெட்டிக்கும் அரிசிப் பானைக்கும் போகும். அதை யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். என் மாமியார் அந்தக் காசில்தான் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார். எட்டாம் வகுப்பு வரை அப்படிப் படித்தவள் என் மனைவி. அரசாங்கம் இன்றைக்கு ஏழைப் பெண்களுக்கு மானியத்தில் நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுக்கிறதென்றால், இந்தக் கணக்கு புரிந்துதான் கொடுக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி காத்திருந்த கதை. ஆடி பிறந்ததும் எனக்குப் பொறுமை குறைய ஆரம்பித்தது. ஐந்து மாதம் முடிந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் "என்ன சார், வெடக்கோழி முட்ட வச்சிருச்சா?" என்று விசாரித்தார்கள். பிரெஞ்சில் ஒரு வழக்குச் சொல் உண்டு: "கான் லெ பூல் ஓரோன் தெ தான்." கோழிக்குப் பல் முளைக்கும்போது என்று பொருள். ஒருபோதும் நடக்காது என்பதற்கு அப்படிச் சொல்வார்கள். நாலு கோழியையும் பார்த்து நான் இதைச் சொன்னபோது, என் மனைவி, "அவசரப்பட்டா முட்டையா வந்துரும்? நீங்க போயி பேப்பர் படிங்க" என்றாள்.

அவசரப்படக் கூடாததற்குக் காரணம் உண்டு. நாட்டுக்கோழி ஆறு, ஏழு மாதத்தில்தான் முட்டைக்கு வரும். ஒரு முட்டை கோழியின் வயிற்றுக்குள் உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பில் ஒரு பங்கு இரையிலிருந்து வரும், மிச்சம் எலும்பிலிருந்து. இதற்கென்றே முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்னால் பெட்டைக்கோழி தன் எலும்புக்குள் சுண்ணாம்புச் சேமிப்பு ஒன்று வைக்கிறது. நாம் தையில் கல்யாணம் என்றால் ஆவணியிலேயே மளிகை சேர்ப்போமே, அது மாதிரி. அந்தச் சமயத்தில் கோழி சுவரைக் கொத்தும், பழைய காரையைத் தேடும். பொடித்த கிளிஞ்சலையும் நொறுக்கிய முட்டை ஓட்டையும் ஒரு கொட்டாங்கச்சியில் வைத்தோம். இரண்டு நாளில் காலி.

வெளிச்சமும் ஒரு காரணம். பகல் நீளமாக இருந்தால்தான் கோழியின் உடம்பு முட்டைக்குத் தயாராகும். பிரெஞ்சுப் பள்ளியில் படிக்கும்போது ஒரு விஷயம் எனக்குப் புரியாமலே இருந்தது. ஈஸ்டருக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? தேவாலய மணிகள் ரோமாபுரிக்குப் பறந்துபோய்த் திரும்பி வரும்போது முட்டை போட்டுவிட்டு வரும் என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். பாரிஸில் டிசம்பரில் பகல் எட்டே கால் மணி நேரம்தான். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்கோழி முட்டையை நிறுத்திவிடும், வசந்தம் வந்து பகல் நீண்டதும் மறுபடி தொடங்கும். அதே சமயம் தவக்காலத்தில் முட்டை சாப்பிடக்கூடாது என்ற கட்டுப்பாடும் பழைய காலத்தில் இருந்ததால், ஈஸ்டருக்குள் வீடு நிறைய முட்டை சேர்ந்துவிடும். சோழபுரத்தில் கோடைக்கும் மார்கழிக்கும் பகல் ஒரு மணி நேரம்தான் வித்தியாசப்படும். அதனால் நம் கோழிக்கு எந்த மாதமும் ஆகாத மாதம் இல்லை. அறுபது வருடம் கழித்துப் பள்ளிப் பாடம் கோழிக்கூண்டுக்கு முன்னால் விளங்கியது.

நாமக்கல் பண்ணைகளில் விளக்குப் போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுக்கிறார்கள். அங்கே இருப்பது லெகார்ன் வம்சத்து வெள்ளைக்கோழி. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் ஆங்கிலப் பெயர்தான் லெகார்ன். நாலரை மாதத்தில் முட்டைக்கு வந்து வருடத்துக்கு 300க்கு மேல் இடுகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1989இல் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010இல் பள்ளி நாள் ஐந்திலும் முட்டை என்று ஆனதே, அத்தனை பிள்ளைகளுக்கும் சிறுவிடைக்கோழி இட்டுக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்தக் கோழி அடை படுக்காது. அடை படுத்தால் முட்டை நின்றுபோகும் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தையே கழித்துவிட்டார்கள். தன் முட்டையில் தானே உட்கார்ந்து குஞ்சு பொரிக்க அதற்குத் தெரியாது. குஞ்சு வேண்டுமென்றால் மெஷின் வேண்டும், மெஷினுக்கு மின்சாரம் வேண்டும், முதலாளி வேண்டும்.

நாட்டுக்கோழி 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்குப் போய்விடும். வருடத்துக்கு மூன்று, நான்கு ஈடு. ஆக அறுபது முட்டை தேறினால் பெரிது. இந்தக் குணம் காட்டிலிருந்து வந்தது. நம் மேற்கு மலையில் காட்டுக்கோழி இருக்கிறது. சாம்பல் அணில் சரணாலயத்துப் பக்கம் விடியற்காலையில் போனவர்கள் அதன் கூவலைக் கேட்டிருப்பார்கள். அதன் அறிவியல் பெயர் காலஸ் சொன்னெராட்டி. சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றி வந்து புத்தகம் எழுதியவர், எங்கள் புதுச்சேரியில் பல வருடம் இருந்தவர். வீட்டுக்கோழிக்கு மூதாதை பெரும்பாலும் வடக்கே உள்ள சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் கோழியின் மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. எங்கள் நான்கு பெட்டைகளில் இரண்டுக்குக் கால் மஞ்சள். முருங்கை மரத்தடியில் அவை கிளறும்போது பின்னால் அந்த மலை தெரியும். காட்டில் அது நான்கு முதல் ஏழு முட்டை இட்டுவிட்டு உட்கார்ந்துவிடும். பிழைத்துக் கொண்டுபோக எத்தனை முடியுமோ அத்தனைதான்.

ஆவணி பிறந்ததும் அடையாளங்கள் வந்தன. வெளிறிக் கிடந்த கொண்டை செம்பருத்தி மாதிரி சிவந்தது. கிட்டே போனால் ஓடிய கோழி இப்போது இறக்கையைத் தளர்த்திக் குந்தியது. மூலை மூலையாகப் போய்ப் பார்த்தது. விறகுக்கு இடையில், தண்ணீர்த் தொட்டி பின்னால், ஒருநாள் என் சாய்வு நாற்காலிக்கு அடியில். ஓயாமல் கேறிக்கொண்டே இருந்தது. என் மனைவி காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பின்புறம் விரல் வைத்துப் பார்ப்பாள். முட்டை இருந்தால் அன்றைக்கு வெளியே விடமாட்டாள். விட்டால் அடுத்தவர் வேலியில் போய் இட்டுவிட்டு வந்து நம் வீட்டில் கொக்கரிக்கும். அவள் விரலுக்கு உள்ள ஞானம் எந்தக் கருவிக்கும் இருக்குமா தெரியவில்லை. "நாளைக்கு" என்றாள் ஒருநாள்.

ஆகஸ்ட் 26, பொரித்த 197ஆம் நாள், காலை பத்தே கால் மணி. ஓலைக்கூடையில் ஒரு முட்டை. எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெரிது. லேசான தேயிலை நிறம். ஓட்டில் ஒரு கீற்று ரத்தம் இருந்தது. முதல் முட்டைக்கு அப்படி இருப்பதுண்டாம். முட்டையிடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. சமையலறைத் தராசில் வைத்தேன். 31 கிராம். கையில் எடுத்தால் கதகதவென்று இருந்தது. அதை வைத்துவிட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்த முட்டையை அவித்துத் தருவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் கருப்பசாமி பீடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, அரிசிப் பானையில் புதைத்தாள். அடுத்த மூன்று பெட்டைகளும் ஒரு வாரத்துக்குள் முட்டைக்கு வந்தன. பிஞ்சு முட்டை அடைக்கு ஆகாது, குஞ்சு நோஞ்சானாக வரும் என்று முதல் பதினைந்து நாள் முட்டையை மட்டும் எங்களுக்கு விட்டாள். புரட்டாசியில் நல்ல முட்டையாகப் பதினொன்று சேர்த்தாள். எல்லாம் ஒரு வாரத்துக்குள் இட்டவை. அந்தச் சமயம் பார்த்துப் பழைய தாய்க்கோழி மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. கோழி, கூடை, முட்டை மூன்றையும் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்தாள்.

"சும்மா வேணாம் மதினி. வாரத்துக்குன்னா வாங்கிக்கிடுதேன்" என்றார் அந்த அம்மா.

வாரம் என்றால், பொரிக்கிற குஞ்சில் வளர்த்தவருக்குப் பாதி, கோழிக்குச் சொந்தக்காரருக்குப் பாதி. பழைய வழக்கம். என் மனைவி மறுத்துப் பேசவில்லை. "சரி, வாரந்தான். ஆனா என் பங்க வருசம் கழிச்சு வாங்கிக்கிடுதேன், வெடக்கோழியா" என்றாள். மரியாதை இரண்டு பக்கமும் கெடாமல் இருந்தது. எனக்கு இதில் ஒரு வார்த்தை பேச வேலை இருக்கவில்லை.

ஐப்பசி ஐந்தாம் தேதி அங்கே எட்டுக் குஞ்சு பொரித்தது. அந்த வாரம் நல்ல மழை. தாய்க்கோழி தாழ்வாரத்தில் இறக்கையை விரித்து எட்டையும் உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டுத் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

ஏழு ரூபாய் முட்டையில் இது கிடைக்காது என்பதுதான் மகனுக்கு என் பதில். கடை முட்டை சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அதுவும் வேண்டியதுதான், நாங்களும் அவசரத்துக்கு வாங்குகிறோம். ஆறு மாதம் காத்திருந்து வந்த முட்டை ஒரு தாழ்வாரத்திலிருந்து இன்னொரு தாழ்வாரத்துக்குப் போய், காலியான கூட்டை நிரப்பிவிட்டு வருகிறது.

படிக்கிறவர்களில் கோழி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, இரண்டையும் தள்ளிப்போட வேண்டாம். வேலைக்குப் போகிற அக்கம் பக்கத்துப் பெண்களின் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். ஒரு பெட்டி கூடுதலாகத் தூக்குவதில் ஒன்றும் சிரமமில்லை. பக்கத்து வீட்டு எட்டுக் குஞ்சுக்கும் ஏழாம் நாள் நான்தான் அட்டைப்பெட்டியில் எடுத்துப் போனேன். எட்டாவது வாரம் மார்கழி தொடக்கத்தில் வருகிறது. குறிப்பேட்டில் தேதி எழுதி, கீழே கோடு போட்டாகிவிட்டது.